நீல டிரம்முக்கு ஒரு டீச்சர்

உங்களுக்குக் கொடுத்திருக்கும் மஞ்சள் டி-ஷர்ட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். போட்டுக்கொண்டவர் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் நம் ஆபீஸ் முக்கியமான விஷயங்களை எழுதும். நானே சொல்லிவிடுகிறேன். 'பெற்றோரே முதல் ஆசிரியர்' என்று எழுதியிருக்கிறது. நல்ல வாசகம். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதை அப்படியே நம்பி நடந்த ஒரு தாயிடமிருந்து அவள் பிள்ளையைப் பிரித்து ஊருக்கு ரயிலேற்றப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பயிற்சியின் கடைசி நாளில் உங்களிடம் பத்து நிமிடம் அனுபவம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு யாரோ என்னை நினைவுபடுத்திக்கொண்டு, 'எழுதியே கொடுத்துவிடுங்கள் மாமி' என்றார்கள். பேசினால் நிறுத்த மாட்டேன் என்ற பயம். எழுதினால் மட்டும் நிறுத்துவேன் என்று யார் சொன்னது?

நம் வேலையை உங்களுக்கு ஸ்லைடு போட்டு விளக்கியிருப்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்து, அவர்கள் பெற்ற பிள்ளையோடு எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கே சொல்வது. இதற்குச் சம்பளமும் உண்டு. நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து தாராவி நடந்து போகிற தூரம்தான். எங்கள் வீட்டில் யாரும் நடந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான்தான் முதலில் நடந்தேன், அதுவும் டாக்ஸிக்காரன் உள்ளே வர மாட்டேன் என்றதால்.

அந்த வாசகம் முதலில் வந்தபோது டி-ஷர்ட் கிடையாது, ஒரு பேனர்தான். எங்கள் மேடம் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு அதைக் கொண்டுவந்தார். மேடத்துக்கு என் மகள் வயது. அவர் என்னை மாமி என்பார், நான் அவரை மேடம் என்பேன். வயதுக்கு மரியாதை அவர் கொடுத்தார், பதவிக்கு மரியாதை நான் கொடுத்தேன், இரண்டும் சரியாகப் போயிற்று. செம்பூர் ஆபீஸில் எங்களை எல்லாம் உட்காரவைத்து, "மாமி, இனிமே ஒவ்வொரு ஆத்துலயும் முதல் வார்த்தை இதுதான். 'நீங்கதான் உங்க குழந்தையோட முதல் டீச்சர்.' சொல்லிட்டு ரெண்டு செகண்ட் நிறுத்துங்கோ. அவாளுக்கு மனசுல போய் உக்காரணும்" என்றார்.

சொன்னோம், நிறுத்தினோம். தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் பகுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சோப்புக் கையோடு நிமிர்ந்து, "டீச்சர் வேலைன்னா சம்பளம் யாரு தருவா, நீங்களா?" என்று கேட்டாள். விக்ரோலியில் ஒரு அப்பா மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல், "டியூஷன் மிஸ் இருக்காங்க மேடம், அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றார். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு மறந்து போனார்கள். மறந்துபோகிறவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாம் சொல்வதைச் சிரத்தையாகக் கேட்டு அப்படியே செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

முத்துச்செல்வி அப்படிச் செய்தாள்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற வீடு அவளுடையது. விடிவதற்கு முன்னால் எழுந்து அவள் இட்லி அவிப்பாள். புருஷன் செல்லத்துரை பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி குர்லா பக்கம் போய் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். ஒரே அறை, ஏணி வைத்த மேல்தட்டு. அவர்களுக்கு ஒரே பெண், ரோஷினி. மூன்று வயது முடிந்திருந்தது. நான் முதல் தடவை போனபோது யாருக்கோ விசேஷம் என்று பகலிலும் அடுப்பில் இட்லிப் பானை இருந்தது. பிள்ளை அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"யம்மா, இட்லி மூச்சு விடுது."

"விடட்டும்ட்டி. மூடியத் தொடாத, சுடும்."

"சுட்டா அழுமா?"

"யாரு?"

"இட்லி."

"நீதான் அழுவ. இட்லி எங்க அழுதுச்சு? அது சமத்து."

"அப்ப நான்?"

"நீ சட்னி. வாய் பூரா காரம்."

இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற நான் செய்திருக்க வேண்டியது என்ன? இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பேசாமல் வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் நான் சொல்லித்தர எதுவுமே இல்லை. ஆனால் சம்பளம் வாங்குகிறோமே. உள்ளே போய் உட்கார்ந்து, "முத்துச்செல்வி, நீதான் உன் குழந்தையோட முதல் டீச்சர்" என்று சொன்னேன். இரண்டு செகண்ட் நிறுத்தினேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானா டீச்சர்?"

"நீதான். அம்மான்னா எப்பவும் டீச்சர்தான்."

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என் வேலைக்காலம் முழுவதும் வேறு யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. ஆபீஸ் போய் மேடத்திடம் சொன்னேன். மேடமும் பெருமைப்பட்டார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு என்னை விக்ரோலிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மறுபடி தாராவிக்கு வரும்போது மழைக்காலம் முடிந்திருந்தது. முத்துச்செல்வி வீட்டு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தால், உள்ளேயிருந்து பதில் வருகிறது: "கொஞ்சம் வெளிய நில்லுங்க டீச்சர். கிளாஸ் நடக்கு."

நின்றேன். சாக்கடைக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று எட்டிப் பார்த்தேன். சுவரில் ஏ, பி, சி, டி சார்ட். முத்துச்செல்வி சேலை மடிப்பில் பின் குத்தி, தலையை வழித்து வாரி, கையில் மர ஸ்கேலோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே ரோஷினி தரையில் சம்மணம் போட்டு, ஒரு கையை மடித்துக் கட்டி, மற்றக் கையின் விரலை வாய்மேல் வைத்திருந்தாள்.

"ரோஷினி!" என்றாள் முத்துச்செல்வி.

"ப்ரெசென்ட் மிஸ்."

அட்டெண்டன்ஸ் முடிந்தது. வகுப்பில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதானே.

கிளாஸ் முடிந்த பிறகு உள்ளே கூப்பிட்டாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பிள்ளை உன்னை அம்மான்னு கூப்பிடறதில்லையா?"

"கிளாஸ் நேரத்துல 'மிஸ்'தான், டீச்சர்."

"கிளாஸ் நேரம் எது?"

"பூராவும்தான். நீங்கதான சொன்னீங்க, அம்மான்னா எப்பவும் டீச்சர்தான்னு."

"பிள்ளைகிட்டப் பேசு, கதை சொல்லு, முன்னால மாதிரி விளையாடு" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "டீச்சர்மாரு பிள்ளைங்ககிட்ட கதையடிப்பாங்களா? மதிப்பு போயிராதா? எங்க ஊரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வந்தா ஈ பறக்குத சத்தங்கூடக் கேக்காது. பேசுனா முழங்கால்ல ஸ்கேல். நான் இவள அடிக்கல டீச்சர், சும்மா கையில வச்சிருக்கேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் டீச்சர் என்று சொன்னபோது நம் மனதில் இருந்தது புத்தகத்தில் படம் போட்டிருக்கும் டீச்சர். பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து சிரிப்பவர். முத்துச்செல்வியின் மனதில் இருந்தது அவள் நேரில் பார்த்த டீச்சர். அவள் ஒன்றும் புரியாமல் செய்யவில்லை. நன்றாகப் புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த டீச்சரை ஒரு குறையும் இல்லாமல் நடத்திக்காட்டினாள்.

சரி, இதெல்லாம் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிவிட்டு வருவதுதானே என்று கேட்பீர்கள். சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் லாயக்கில்லன்னு சொல்லுதீங்களா?" பிறந்ததிலிருந்து அவளை யாரும் எதுவாகவும் மதித்துச் சொன்னதில்லை. நான்தான் முதலில் போய், நீ டீச்சர் என்றேன். கொடுத்த பட்டத்தை நானே பிடுங்கினால் அதற்குப் பிறகு அவள் கதவைத் திறப்பாளா? நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அதுவே சரி என்று பட்டது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை நான் இருந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லி மூச்சு விடுகிறது என்று கண்டுபிடித்த வாய் அது.

ஆபீஸில் சொன்னேன். மேடம் நேரில் பார்க்க வந்தார். பார்த்தவர், சார்ட்டைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், விரலை வாயில் வைத்து உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார், அப்படியே உருகிப் போனார்.

"மாமி! எத்தனை வருஷமா இதுக்குத்தானே பாடுபடறோம். தாராவில ஒரு அம்மா ஆத்துலயே கிளாஸ் எடுக்கறா. என்ன டிசிப்ளின் பாத்தேளா!"

"மேடம், குழந்தை பேசறதே இல்லை."

"சமத்துக் குழந்தை, மாமி."

போட்டோ எடுத்தார்கள். முத்துச்செல்வியின் வீடு எங்கள் 'மாடல் வீடு' ஆயிற்று. நான் வாதாடினேன், பலனில்லை. போட்டோவில் நன்றாக விழுகிற ஒன்றைத் தப்பு என்று ஒரு ஆபீஸிடம் நிரூபிக்க உங்களால் முடிந்தால், எனக்கும் வந்து சொல்லிக்கொடுங்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் முத்துச்செல்வி என்னைச் சந்தில் வழிமறித்தாள். சேலையில் பின் இல்லை. அழுது வீங்கிய முகம்.

"ரோஷினிய ஊருக்கு அனுப்பப் போறாங்க டீச்சர்."

செல்லத்துரை ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது மகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாராம். ஏ ஃபார் என்ன, சிவப்பு எது, அஞ்சு விரல் காட்டு. பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்குமே தவிர வாய் திறக்காதாம். மந்தம் என்று முடிவுகட்டிவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் அவர் அம்மா இருக்கிறாள், அங்கே பள்ளிக்கூடத்தில் நாலு சாத்து சாத்திச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பிள்ளைக்கும் அவருக்கும் டிக்கெட். முத்துச்செல்விக்கு இல்லை. அவள் போனால் இட்லி அவிப்பது யார்?

"நான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கல டீச்சர். நான் ஃபெயிலு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கண்டிப்பா இருந்தா சரியாகிருமா?" என்று கேட்டாள்.

இவள் கையில் இன்னும் பெரிய ஸ்கேல் வரப்போகிறது, இல்லையென்றால் பிள்ளை ரயிலேறப்போகிறது. அந்தப் பேனரை எழுதியவனை அங்கேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. அவன் ஹோட்டலில் இருப்பான்.

"செல்வி, நல்லா யோசிச்சுச் சொல்லு. பிள்ளை நாள் பூரா எப்பவுமே பேசறதில்லையா?"

"எப்பவுமே இல்ல டீச்சர். தண்ணி பிடிக்கும்போது மட்டுந்தான் வாய் ஓயாது."

"என்னது?"

"சாயங்காலம் குழாய்ல தண்ணி வரும்லா? அப்ப எனக்கு டீச்சரா நிக்க எங்க நேரம்? அவபாட்டுக்குக் குடத்தோட பேசிட்டுக் கிடப்பா. அதெல்லாம் ஒரு பேச்சா டீச்சர்? அது வேலைல்லா."

அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது, முதுகில் இரண்டு வைக்கலாம்போலவும் இருந்தது. "இதை உன் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்பணுமே. பிள்ளைய விடக்கூடாதுன்னு நான் பொய் சொல்லுதேனாம்."

தண்ணீர் வரும் நேரத்தில் செல்லத்துரை வீட்டில் இருப்பதே இல்லை. சாயங்காலமானால் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு கிரைண்டர் கடைக்குப் போய் வரிசையில் நிற்பார். அவர் மாவோடு திரும்பும்போது குழாய் நின்றிருக்கும், பிள்ளையும் வாயை மூடியிருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தன் மகள் பேசி அவர் கேட்டதில்லை.

அந்தச் சமயம் பார்த்து மேடத்திடமிருந்து உத்தரவு. எங்களுக்கு நிதி கொடுக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர், ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும், மாடல் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். காலை பதினொரு மணிக்கு. அப்பாவும் கட்டாயம் இருக்க வேண்டும், குடும்பமாகப் போட்டோ. எந்த நாள் என்று பார்த்தால், ரயிலுக்கு முந்தைய நாள்.

நான் அவசரமாக யோசித்தேன். நல்ல யோசனைகள் எனக்கு அவசரத்தில்தான் வரும். மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், அந்த ஆத்துல காலம்பற வெளிச்சமே வராது. சாயங்காலம் வெச்சுண்டா போட்டோ பிரமாதமா விழும்."

அந்த வீட்டில் சாயங்காலமும் வெளிச்சம் வராது. அது மேடத்துக்குத் தெரியாது. விசிட் சாயங்காலத்துக்கு மாறியது. செல்லத்துரையிடம் போய், பெரிய இடத்து ஆட்கள், பத்திரிகையில்கூட வரலாம், நீங்கள் இல்லாமல் எப்படி என்றேன். பத்திரிகை நான் சேர்த்துக்கொண்டது. "டீச்சர் இவ்வளவு சொல்லும்போது எப்படி மாட்டேன்னு சொல்ல" என்று அன்று அரிசியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார், சட்டையை இஸ்திரிக்குப் போட்டார்.

வந்தார்கள். ஒரு அறைக்குள் ஐயா, அம்மா, மேடம், நான், இஸ்திரிச் சட்டையில் செல்லத்துரை, பின் குத்திய முத்துச்செல்வி. நடுவில் விரலை வாயில் வைத்த ரோஷினி. அட்டெண்டன்ஸ் எடுத்தாயிற்று. வந்த அம்மா கைதட்டினார். அடுத்து முத்துச்செல்வி ஸ்கேலால் சார்ட்டைத் தொட்டு, "வாட் இஸ் திஸ்?" என்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். செல்லத்துரை, பாத்தீங்களா நான் சொன்னது சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தார். விருந்தாளிகள் ஒன்றையும் கவனிக்கவில்லை. "எவ்வளவு அமைதி" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டார்கள்.

நான் ஓரக்கண்ணால் வாசலோரக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வரவில்லை. எல்லா நாளும் சரியாக வருகிற தண்ணீர் அன்றைக்குப் பார்த்துச் சதி செய்தது.

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் கிளம்பலாம் என்று எனக்குக் கண் காட்டினார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். "டீ சாப்பிடாமப் போனா இவங்க மனசு கஷ்டப்படும்" என்றேன். டீ வந்தது, குடித்தாயிற்று. "இட்லி சாப்பிடாமப் போகலாமா, இவங்க இட்லி ரொம்ப விசேஷம்" என்றேன். முத்துச்செல்வி திகைத்துப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இட்லி வேகும்வரை தாராவியின் வரலாறு என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அந்த ஐயாவிடம் சொன்னேன். இட்லியும் ஆயிற்று. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமி, என்ன பண்றேள் நீங்க?" என்று என் காதில் கேட்டார். விருந்தாளிகள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சந்தின் கோடியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: "பானி ஆ கயா!" தண்ணீர் வந்துவிட்டது.

முத்துச்செல்வியின் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. உடனே நின்றாள். விருந்தாளிகளைப் பார்த்தாள், ஸ்கேலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். விட்டால் நாளைக்கு இட்லிக்கு ஒரு சொட்டு இல்லை. ஆனால் அவள் மிஸ். கிளாஸ் நடக்கிறது.

"மிஸ்," என்றேன், "ஸ்கூல் லீவு. தண்ணியப் பிடிங்க."

ஸ்கேலைக் கீழே போட்டாள். பின்னைப் பிடுங்கிச் சேலையைத் தூக்கிச் செருகினாள். ரப்பர் ஓஸை இழுத்துக் குழாயில் மாட்டினாள். அதற்குள் ரோஷினி எழுந்துவிட்டாள்.

"யம்மா, மஞ்சக் குடம் மொதல்ல! அது குடிக்கிறதுக்கு! ஐயே, அது இல்ல, பெருசு, பெருசு! யப்பா, தள்ளி நில்லு, வழியில நிக்காத!"

செல்லத்துரை நகரவில்லை. நகர அவருக்குத் தெரியவில்லை. பிள்ளை ஓஸின் நுனியை அவர் கையில் திணித்தாள். "இத இங்கன பிடி. ஆட்டாத. நெறஞ்சா சொல்லுவேன். ஒண்ணு ஆச்சு. இப்ப ரெண்டாவது. ரெண்டாவது சின்னது, சீக்கிரம் நெறஞ்சிரும், பாத்துக்கோ!"

இஸ்திரிச் சட்டையெல்லாம் நனைந்து அவர் பிடித்துக்கொண்டிருந்தார். வந்த ஐயாவின் ஷூவுக்குள் தண்ணீர் போயிற்று. மேடம் "ஐயோ, ஐயோ" என்று அவரைக் கட்டில்மேல் ஏறச் சொன்னார். அந்த வீட்டில் கட்டில் இல்லை.

கடைசியாக நீல டிரம். ஓஸை அதில் போட்டதும் தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டது. நூல் மாதிரி விழுந்தது. ரோஷினி எட்டிப் பார்த்தாள், காத்திருந்தாள், மறுபடி எட்டிப் பார்த்தாள். பிறகு போய்க் கீழே கிடந்த ஸ்கேலை எடுத்துவந்து டிரம்மை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன் நெறைய மாட்டேங்க? எத்தன தடவ சொல்ல ஒனக்கு? கையக் கட்டு. வாயப் பொத்து." இன்னொரு தட்டு. "மந்தம். நாளைக்கு ஒன்ன ஊருக்கு அனுப்பிருவேன். அம்மா வர மாட்டா. நீ மட்டுந்தான் போவ."

முத்துச்செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். செல்லத்துரை அந்த ஈரத் தரையில் மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏட்டி," என்றார். "அத அனுப்பிராதட்டி. தண்ணி கொஞ்சமாத்தான் வருது. அது என்ன செய்யும், பாவம்? கொஞ்சம் பொறு. நெறஞ்சிரும்."

பிள்ளை டிரம்மைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். யோசித்தாள். "சரி, இங்கனயே கிடக்கட்டும்" என்றாள்.

பிறகு நடந்ததை ஆபீஸ் கதை, வீட்டுக் கதை என்று இரண்டாகச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கதை இது: வந்தவர்கள், மாடல் வீட்டில் கற்கும் சூழல் ஒழுங்காக இல்லை என்றும், குழந்தை வீட்டு வேலை செய்கிறது என்றும், ஷூ பாழானது என்றும் எழுதியனுப்பினார்கள். மேடம் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. மாடல் வீடு லேபர் கேம்ப்புக்கு மாறியது. அங்கே நாங்கள் கொடுத்த விளையாட்டுச் சாமான்களை, பிள்ளை தொட்டால் கெட்டுப்போகும் என்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஷோகேஸில் அடுக்கி வைத்திருந்தார்கள். போட்டோவில் அமர்க்களமாக விழுந்தது.

வீட்டுக் கதை: மறுநாள் அந்த ரயில் செல்லத்துரையும் ரோஷினியும் இல்லாமல் போயிற்று. மாவு ஆட்ட ஆள் ஏற்பாடு செய்துவிட்டு அவர் தண்ணீர் நேரத்தில் வீட்டில் இருக்க ஆரம்பித்தார். முத்துச்செல்வியிடம், நீ டீச்சர் இல்லை என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. "செல்வி, இந்த ஸ்கூல்ல கிளாஸ் நேரம் தண்ணி வரும்போதும் இட்லி வேகும்போதும் மட்டும்தான்" என்றேன். "அப்ப ஸ்கேலு?" என்றாள். ஆடுகிற ஏணிக்கு அடியில் முட்டுக்கொடுக்கச் சொன்னேன். இன்னும் அங்கேதான் இருக்கும்.

எல்லாம் சுபம் என்று நினைத்து, ஒரு சாயங்காலம் நான் கம்பீரமாக அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே ஒரே கூச்சல். அப்பனும் மகளும் குடத்துக்குச் சண்டை, முத்துச்செல்வியின் சிரிப்பு. நான் தலையை நீட்டினேன். ரோஷினி என்னைப் பார்த்தாள். சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டாள், கையைக் கட்டினாள், விரலை எடுத்து வாய்மேல் வைத்தாள். வீட்டில் மிஸ் போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருந்த டீச்சர் நான்தான்.

சுருக்கென்றது. என்னிடம் இருந்த பயிற்சிக் காகிதம் எதிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. பையை வெளியே மாட்டினேன், செருப்பைக் கழற்றினேன். எங்கள் மாட்டுங்கா வீட்டில் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள், புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். போனவள் சும்மா இருந்தேனா? பழக்கதோஷம். "ரோஷினி, இது என்ன கலர், சொல்லு பாக்கலாம்?" என்று ஆரம்பித்தேன்.

அவள் விரலை வாயிலிருந்து எடுத்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், பேசிட்டே நிக்காதீங்க. குடத்தப் பிடிங்க."

பிடித்தேன்.